பட்டாளம் வந்த கரை

அரிப்புக் கடற்கரையில், மண்மேட்டின் விளிம்பில் ஒரு செங்கல் கட்டடம் பாதி இடிந்து நிற்கிறது. மேல்மாடி போய்விட்டது. கடலைப் பார்த்த பக்கத்துச் சுவர்கள் பாளம் பாளமாகப் பெயர்ந்து அலைவாயில் கிடக்கின்றன. நூல்களில் இதற்கு டோரிக் மாளிகை என்று பெயர். இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு மாதங்களில் தான் வந்து தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. அன்றைக்குக் கொழும்புக் காவற்படையின் குருவாக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், தீவிலேயே மிக அழகான கட்டடம் இதுதான் என்று வியந்து எழுதினார். ஊரில் நோர்த்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அல்லிராணி கோட்டை என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும்.

உள்சுவரில் ஓர் இடத்தில் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. கை வைத்துப் பார்த்தால் பளிங்குபோல வழவழக்கிறது. முத்துச்சிப்பியைச் சுட்டு, நீற்றி, அரைத்த சுண்ணாம்பு அது. கடலுக்கடியில் மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பி, முத்தைக் கொடுத்த பிறகு ஆளுநர் வீட்டுச் சுவரும் ஆனது. இந்தச் சுவரைக் கட்டியவர்கள், இதன் வாசலில் துப்பாக்கியோடு இரவெல்லாம் நின்றவர்கள், இவர்களில் ஒருவர் பெயரும் இங்கே இல்லை. மன்னார்க் கரைக்குப் பிரித்தானியப் படை கொண்டுவந்தது எது, அது இங்கே விட்டுப்போனது எது என்று நான் கேட்கத் தொடங்கியது இந்தச் சுவரடியில்தான்.

இந்தக் கரைக்கு முதலில் வந்து சேர்ந்த ஆங்கிலேயர்களில் ஒருவர் படைவீரர் அல்ல, தப்பியோடி வந்த கைதி. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் மூதூர்ப் பக்கம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், ஏறக்குறைய 20 ஆண்டு மலைநாட்டில் இருந்துவிட்டு, ஒரு கூட்டாளியோடு அருவியாற்றங்கரை வழியே காட்டுக்குள் நடந்து 1679 அக்டோபரில் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்தார். அந்தச் சிறிய கோட்டையும் இப்போது இடிபாடுதான். மன்னார்க் கோட்டை அதைவிடப் பெரியது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு திருத்திக் கட்டிய நாற்சதுரம். மூலைக்கு ஒன்றாக நான்கு கொத்தளம்.

1795 அக்டோபர் 5ஆம் தேதி அந்தக் கோட்டையில் கொடி மாறியது. ஆகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணம், அடுத்து மன்னார் என்று கிழக்கிந்தியக் கும்பினிப் படை கரையோரமாக வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்தது. தளபதி கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். அவரோடு ஸ்கொத்லாந்துக்காரர் இருந்தார்கள், ஆனால் படையின் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இலங்கையை ஆங்கிலேயர் பிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மன்னார்க் கோட்டை வாசலில் முதல் பாரா நின்றவன் பெரும்பாலும் எங்கள் பேச்சைப் பேசுகிற, எங்கள் முகச்சாடை உள்ள ஒருவன்தான் என்பதை ஏனோ படிப்பதில்லை.

அந்தச் சிப்பாய் யார்? 1758இலிருந்து கும்பினி அவனை ஒழுங்கான பட்டாளமாகக் கட்டத் தொடங்கியது. இன்றைய இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அந்த ஆண்டில்தான் வைத்து எண்ணுகிறது. வயலிலும் பனங்காட்டிலும் நடந்து பழகிய கால்களை ஒரே நேரத்தில் ஒரே பக்கம் எடுத்து வைக்கச் சொல்வது எளிய வேலை இல்லை. இடம், வலம் பிடிபடாதவனுக்கு ஒரு காலில் ஓலையும் மறுகாலில் சீலைத்துண்டும் கட்டி, "ஓலைக்கால், சீலைக்கால்" என்று கத்திக் கவாத்துப் பழக்கினார்கள் என்று ஒரு பழங்கதை தமிழில் உண்டு. சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தன் உடம்பைத் தன்னிடமிருந்தே வாங்கி இன்னொருவன் குரலுக்குக் கட்டிக் கொடுத்த மனிதனின் முதல் நாள் அது.

தமிழுக்கு அப்போது வந்த சொற்கள் இன்றும் வாயில் இருக்கின்றன. பட்டாலியன் பட்டாளம் ஆனது, கம்பெனி கும்பினி ஆனது. சிப்பாய், சுபேதார், ஜமேதார், பாரா எல்லாம் பாரசீகம், உருது வழியே வந்து ஒட்டிக்கொண்டவை. பிள்ளைகள் கூட்டமாக வந்தால் "ஒரு பட்டாளமே வருது" என்று இன்றைக்கும் சொல்லாத வீடு இல்லை.

பிரித்தானிய ரெஜிமென்ட் என்பது வெறும் ஆயுதம் தாங்கிய கூட்டம் இல்லை. அது ஒரு குடும்பம்போல, கோயில்போல நடக்கிற அமைப்பு. சேர்ந்தவனுக்கு எண் கொடுக்கும், அவன் தலைமுடியையும் நடையையும் தூக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதற்கு ஈடாக வேறொன்றைத் திருப்பித் தரும். கொடியில் போர்க்களங்களின் பெயரைத் தைத்து வைக்கும். செத்தவன் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஊர்த் தேவாலயச் சுவரில் பதிக்கும். அதிகாரிகளின் மெஸ்ஸில் விருந்து முடிந்ததும் மதுக்குடுவை இடப்புறமாகவே கைமாறிப் போகும், அரசருக்கு நலம் சொல்லிக் குடிப்பார்கள், இரு நூறு ஆண்டுக்கு முந்திய சண்டையை நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரியில் அணிவகுப்பு முடிந்ததும் அதிகாரி ஒருவர் குதிரையோடு படியேறி மண்டபத்துக்குள் போவார். பார்ப்பவனுக்கு வேடிக்கை, அங்கே படித்தவனுக்கு அது வாழ்நாள் முழுவதும் மறக்காத காட்சி.

நோர்த் காலத்தில் இலங்கையில் இருந்த 19ஆம் ரெஜிமென்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கப்டன் ரொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை நூலில் மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்டவர்போல விரித்து எழுதியிருக்கிறார். அந்த 19 பிற்காலத்தில் கிரீன் ஹவார்ட்ஸ் ஆனது, 2006இல் யோர்க்‌ஷயர் ரெஜிமென்டுக்குள் சேர்ந்தது. எண் போனது, பெயர் மாறியது, நினைவு மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

எண்ணை வாங்கிக்கொண்டு பெயரைத் திருப்பித் தரும் இந்தக் கொடுக்கல் வாங்கலில், எங்கள் கரையில் நின்றவர்களுக்கு முதல் பாதி மட்டுமே கிடைத்தது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

சென்னைச் சிப்பாய்க்குக் கொஞ்சமாவது கிடைத்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். 1803 செப்டெம்பர் 23ஆம் தேதி அசாயில் வெலிங்டனாகப் பின்னால் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியரை வென்றபோது முன்னணியில் நின்றவர்களில் சென்னைப் பட்டாளங்களும் உண்டு. அதற்குக் கிடைத்த யானைச் சின்னம் மெட்ராஸ் ரெஜிமென்டின் தொப்பியில் இன்றும் இருக்கிறது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அவர்கள் போர்முழக்கம். நீலகிரியில் அவர்கள் பயிற்சி நிலையம் இருக்கும் ஊருக்கே வெலிங்டன் என்றுதான் பெயர். ஆனால் அசாய்க்கு மூன்று ஆண்டு கழித்து, 1806 ஜூலை 10 விடியலில், வேலூர்க் கோட்டையில் சென்னைச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான் போட வேண்டும் என்ற உத்தரவு அதற்கு உடனடிக் காரணம். அடக்கி முடித்த பிறகு, அதில் சேர்ந்த மூன்று பட்டாளங்களையும் கலைத்து விட்டார்கள். உயிரைப் பறித்தது மட்டுமல்ல, பட்டியலிலிருந்து எண்ணையும் அழித்தார்கள். பட்டாளத்தானுக்கு அதற்குமேல் தண்டனை இல்லை.

இனி மன்னார்க் கரையின் படைவாழ்வு எப்படி இருந்தது என்று பார்ப்போம். கோட்டைக்குள் இருப்பதைவிட, ஆண்டில் சில வாரம் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி மணலில் முளைக்கும் முத்துக்குளிப்பு முகாமில்தான் அது முழுதாகத் தெரிந்தது. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழும்புமுன், மாசி பங்குனியில் கடல் குளம்போலக் கிடக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வள்ளங்கள் வரும். ஆளே இல்லாத மணலில் ஒரு பட்டினம் எழும். ஓலைக் கொட்டில், கடைத்தெரு, வட்டிக்கடை, துளையிடுகிறவர், நகைக்காரர், தாயத்துக்காரர். சுறா கடிக்காமல் வாய்கட்டும் கடல்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்து வைத்திருந்தது. அவர் கரையில் நின்று மந்திரம் சொன்னால்தான் குளிகாரர் இறங்குவார்.

இரவு பத்து மணிக்கு அரிப்பில் பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் பாய்விரித்துத் தோணிகள் கூட்டமாகப் புறப்படும். விடியுமுன் முத்துப் பாரில் நிற்கும். ஒரு தோணியில் தண்டல், சம்மாட்டி, பத்துக் குளிகாரர், அவர்களைக் கயிற்றில் தூக்க அதே அளவு ஆட்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து பேர் இறங்க ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். நடுப்பகலில் திரும்பும்படி மறுபடி வெடி. கரையில் வேலியடைத்த கொட்டுகளில் சிப்பியைக் குவிப்பார்கள். பிறகு அது அழுகும். நாள் கணக்கில் அழுகும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரன் இல்லை.

வாசல்களில் சிப்பாய் நிற்பான். திருட்டைப் பார்ப்பது, கூட்டத்தை அடக்குவது, பணப்பெட்டியைக் காப்பது அவன் வேலை. யோசித்துப் பாருங்கள். படுப்பதும் எழுவதும் வெடிச் சத்தத்துக்கு. இறங்குவதும் ஏறுவதும் வரிசைக்கு. தோணிக்கு எண், கொட்டுக்கு எண். குளிகாரன் சிப்பாய் இல்லை, ஆனால் சிப்பாயின் நேரத்தில் வாழ்ந்தான். முகாம் என்ற இராணுவ வடிவம் சீருடை போடாத மனிதர்மேல் இந்தக் கரையில் இறங்கியது அங்கேதான். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். அடுத்த ஆண்டு அங்கே வேலைக்கு வந்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ஃபின் கணவர். அந்த முகாமை அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார். ஓலைக் கொட்டிலில் மூச்சு வாங்கிய குளிகாரனின் வாழ்க்கையை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை.

அதே வடிவம் இன்னும் பெரிதாக, இன்னும் கொடுமையாக, இதே கரை வழியே மலைக்கு ஏறியது. 1824இல் ஆளுநராக வந்த எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூவில் காயம்பட்ட தளபதி. கண்டிக்கருகே கன்னொருவையில் தானே கோப்பித் தோட்டம் போட்டார். முதல் தலைமுறைத் தோட்டத் துரைமாரில் பலர் சீருடை கழற்றிய, சிலர் கழற்றாத, படை அதிகாரிகள். வீதி போட்டவர் தோமஸ் ஸ்கின்னர் 15 வயதில் இலங்கைப் படையில் சேர்ந்தவர். அவருக்குக் கீழே மண் வெட்டிய பயனியர் படையில் தென்னிந்தியக் கூலிகளைப் பட்டாள ஒழுங்கில்தான் வைத்திருந்தார்கள். தோட்டத்துக்கு ஆள் வந்த பாதை எது? இராமேஸ்வரம் பக்கமிருந்து தோணி, தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறக்கம், அங்கிருந்து வன்னிக்காடு வழியே மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை வரை நடை. கொள்ளைநோயிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி வைக்கவும் ஆள் இருக்கவில்லை.

மலையகத்துக்குப் போனால் காலையில் ஆட்களைக் கூட்டி எண்ணும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்பார்கள். பெரட்டு என்பது பரேட். அவர்கள் வாழும் தொடர் அறைகளுக்கு லயம் என்பார்கள், அது லைன். சென்னைப் பட்டாளத்தில் சிப்பாய்க் குடும்பங்கள் இருந்த வரிசைக் குடிலுக்கும் லைன் என்றே பெயர். அங்கே மனைவி மக்கள் கூடவே வருவார்கள், பையன்கள் அப்பனைப் பின்தொடர்ந்து பட்டாளத்திலேயே சேர்வார்கள். தோட்டத்திலும் அப்படியே. விடியலில் தப்பு, வரிசை, பெயர் கூப்பிடல், அரைப்பேர், முழுப்பேர். பிரித்தானிய ரெஜிமென்டின் ஒழுங்கு தமிழர் வாழ்க்கைக்குள் ஆழமாக இறங்கியது கோட்டையில் இல்லை, கொழுந்து மலையில். கொடியும் இல்லை, தகடும் இல்லை, வழியில் செத்தவனுக்கு ஒரு கல்லும் இல்லை.

பெயரைக் காப்பாற்றிக் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு வந்த மலாய் வீரர்கள். நோர்த் அவர்களை ரெஜிமென்டாக்கினார். 1827இல் அது சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் ஆனது, 1873இல் கலைக்கப்பட்டது. இந்தப் படையில் பேச்சுமொழி மலாய், வெள்ளை அதிகாரியும் அதைப் படிக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்களை ஓராங் ரெஜிமென், ரெஜிமென்ட் மனிதர்கள், என்று சொல்லிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் ஹுசைன்மியா 1990இல் அவர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக்கினார். காவல் நேரம் போக மீதி நேரத்தில் பாட்டுக் கட்டினார்கள், ஏடு படியெடுத்தார்கள், அந்த ஏடுகள் இன்றும் சில குடும்பங்களில் இருக்கின்றன. தங்கள் நினைவைத் தாங்களே எழுதி வைத்ததால்தான் அவர்கள் தப்பினார்கள் என்பது என் எண்ணம்.

மரிச்சுக்கட்டியிலிருந்து வில்பத்துக் காட்டைத் தாண்டித் தெற்கே போனால் புத்தளம். அதன் பக்கத்தில் சிரம்பியடி என்று ஒரு சிற்றூர். அங்கே சில பத்துக் குடும்பங்கள். தலைமுடியும் முகமும் ஆப்பிரிக்கா. தமிழ் வழக்கில் காப்பிரி என்பார்கள். போர்த்துக்கேயர் காலம் முதலே ஆப்பிரிக்கர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். நோர்த் கோவாவில் அடிமைகளை விலைக்கு வாங்கியும் படையை நிரப்பினார். விலை கொடுத்து வாங்கிய மனிதன் கையில் துப்பாக்கி கொடுத்து, அரசனுக்கு விசுவாசமாக இரு என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ரெஜிமென்ட் கலைந்த பிறகு இவர்களில் சிலருக்குப் புத்தளத்தில் நிலம் கிடைத்ததென்று சொல்வார்கள். இப்போதைய தலைமுறை பேசுவது சிங்களமும் தமிழும். ஆனால் விழா வந்தால் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் எடுத்துத் தாளம் போட்டு மஞ்ஞா பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். சொற்கள் உடைந்த போர்த்துக்கேயம். பாடுகிறவருக்கே முழுப்பொருள் தெரியாது, ஆனாலும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டார்கள். இந்தக் கரையில் இன்றும் உயிரோடு இருக்கும் படைமரபு எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

முதல் உலகப்போர் முடிந்தபின் நவம்பர் 11 தோறும் கொழும்பில் பொப்பிப்பூ விற்றார்கள். செத்த வீரர் நினைவுக்கு. காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கையில் ஊனப்பட்ட வீரன் கைநீட்டி நின்றான். 1931இல் அதே நாளில் இலங்கை வீரருக்காக வேறொரு பூவை விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதை எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே ஆக்கினார்கள். சூரிய மல் என்பது எது தெரியுமா? எங்கள் பூவரசம்பூ. மன்னாரில் வேலிக்கு வேலி நிற்கும் மரம். காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து விழும் பூ. யாரை நினைப்பது, யார் காசில் நினைப்பது என்ற கேள்வியை ஒரு வேலிப்பூ கேட்டது.

1949 அக்டோபர் 10ஆம் தேதி சுதந்திர இலங்கையின் நிரந்தர இராணுவம் பிறந்தது. முதல் தளபதி கெயித்னஸ் பிரபு, அடுத்தவர் சேர் பிரான்சிஸ் ரீட், இருவரும் பிரித்தானியர். தியத்தலாவையில், 1900இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் கைதிகளுக்காகப் போட்ட முகாம்தான் புது வீரர்களின் பயிற்சிக்களமானது. அதிகாரியாகப் போகும் பையன்கள் கப்பலேறி சாண்ட்ஹர்ஸ்டுக்குப் போனார்கள். 1955இல் முதல் இலங்கையராகத் தளபதி பொறுப்பேற்றவர் அன்ரன் முத்துக்குமாரு. தமிழர். கொழும்பு சூசையப்பர் கல்லூரி, ஒக்ஸ்போர்ட், வழக்கறிஞர் பட்டம், பிறகு சிலோன் லைட் இன்பன்றி. 1959 கடைசிவரை தளபதியாக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு 1987இல் இலங்கையின் இராணுவ வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். 2001இல் அவுஸ்திரேலியாவில் காலமானார். இன்றைய மன்னாரில் ஒரு பள்ளிப்பிள்ளையிடம், இலங்கை இராணுவத்தின் முதல் சுதேசத் தளபதி தமிழர் என்று சொல்லிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைக்கும்.

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. புதிய இராணுவம் மன்னாருக்கு முதலில் வந்தது 1952இல், ஒப்பரேசன் மொன்ரி என்ற பெயரில். இந்தியக் கரையிலிருந்து கள்ளத்தோணியில் வருபவர்களைப் பிடிக்கப் பொலிஸாருக்குத் துணையாக. 1963இல் அது தனிச் செயலணியாக விரிந்து 1981வரை நீடித்தது. ஒரு காலத்தில் கோப்பிக்கு ஆள் வேண்டுமென்று தோணி தோணியாக இறக்கிய அதே மணலில், 1914இல் கப்பலும் ரயிலும் இணைத்து வரவேற்ற அதே தலைமன்னாரில், இப்போது சிப்பாய் வேறுபக்கம் பார்த்து நின்றான். கள்ளத்தோணி என்ற சொல் வசையானது.

ரெஜிமென்ட் பெயர்களும் மாறின. 1956இல் சிங்க ரெஜிமென்ட், 1962இல் ஜெமுனு வாட்ச், 1983இல் கஜபா. வாட்ச் என்பது ஸ்கொத்லாந்தின் பிளாக் வாட்ச் படையிடமிருந்து எடுத்த சொல். அதன் முன்னால் வைத்த பெயர் எல்லாளனை வென்ற துட்டகைமுனு. லைட் இன்பன்றி, வேல்ஸ் ரெஜிமென்ட் ஆட்டுக்கடாவை அணிவகுப்பில் கொண்டுபோவதைப்போல, 1961இலிருந்து யானையைக் கொண்டுபோகிறது. யானைக்குப் பெயர் கண்டுல, துட்டகைமுனுவின் யானை. பிரித்தானிய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் ஒரு பக்கத்து நினைவை மட்டும் ஊற்றினார்கள். ஒவ்வொரு நாடும் தன் படைக்குத் தன் பெயர் வைக்கும், அதில் தவறில்லை. ஆனால் பேசாலையிலிருந்தோ வங்காலையிலிருந்தோ ஒரு பையன் அந்தக் கொடியின்கீழ் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், அந்த வரிசையில் வைத்திருக்கலாம். முத்துக்குமாருவின் பெயரையாவது.

பிறகு நடந்தது எல்லோர் வீட்டிலும் நடந்தது. உள்நாட்டுப் போரில் ரயிலும் மன்னார்ப் பாலமும் 1990இல் போயின. அதே ஆண்டு அக்டோபரில் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றியதில் எருக்கலம்பிட்டியும் முசலி ஊர்களும் வெறிச்சோடின. ஆமி, சென்றி, காம்ப், பங்கர் என்று புதுச் சொற்கள் பிள்ளைகளின் முதற் சொற்களாயின. பாலம் 2010இலும், தலைமன்னார் இறங்குதுறைவரை ரயில் 2015இலும் திரும்பின.

கடைசியாக ஒன்று. பிரித்தானியக் கடற்படையில் ஒரு பழைய மரபு. கரையிலுள்ள முகாமையும் கப்பல் என்றே சொல்வார்கள், கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயர் வைப்பார்கள். தரை என்றால் கப்பலின் தளம், சமையலறை என்றால் கப்பலின் அடுக்களை, வாசலைத் தாண்டி வெளியே போனால் கரையிறங்கினதாகக் கணக்கு. இலங்கைக் கடற்படையும் இதை மாற்றாமல் எடுத்துக்கொண்டது. தலைமன்னாரில் நிற்பது இலங்கைக் கடற்படைக் கப்பல் தம்மென்ன. முள்ளிக்குளத்தில் நிற்பது இலங்கைக் கடற்படைக் கப்பல் பரண.

முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தெற்கு மூலையில் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர். வீடு, பள்ளிக்கூடம், குளம், வயல், தேவாலயம் எல்லாம் உண்டு. 2007 செப்டெம்பரில் சண்டை நெருங்கியபோது படையினர் மக்களை வெளியேற்றினார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது ஊர் கடற்படைத் தளமாக இருந்தது. பக்கத்துக் காட்டில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு பல ஆண்டு இருந்தார்கள். 2017இல் வீதியோரம் குந்தி நாள்கணக்கில் போராடினார்கள், ஒரு பகுதி நிலத்தை விடுவதாக வாக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் தங்கள் ஊருக்குள் அவர்கள் கால்வைக்க முடிந்தது பூசைக்கு மட்டும். ஞாயிறு காலையில் சேலையும் வேட்டியுமாக வாசலில் வந்து நிற்பார்கள். காவலில் நிற்பவர் பார்த்து உள்ளே விடுவார். தங்கள் தாத்தா கட்டிய தேவாலயத்தில் முழந்தாளிட்டுச் செபம் சொல்லிவிட்டு, பூசை முடிந்ததும், படையின் கணக்கில் அவர்கள் அந்தக் கப்பலிலிருந்து கரையிறங்க வேண்டும்.